கண்ணுக்குள் ஒரு மறு

கன்னத்தில் ஒரு மறு இருந்தால் அதற்குப் பலன் சொல்ல நம் நாட்டில் ஆள் பஞ்சம் கிடையாது. வலப் பக்கம் இருந்தால் தனலாபம், இடப் பக்கம் இருந்தால் தூர யாத்திரை என்று கேளாமலே சொல்லிவிடுவார்கள். ஆனால் கண்ணுக்குள்ளே, நமக்கும் தெரியாமல் நம்மைப் பார்ப்பவர்களுக்கும் தெரியாமல் ஒரு மறு இருந்தால் அதற்கு என்ன பலன்? அதைச் சொல்லக் கூடியவர் கண் வைத்தியர் ஒருவர்தான். அந்த மறுவைப் பற்றி இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல எண்ணியிருக்கிறோம்.

இதை எழுதும்படி நம்மைத் தூண்டியவர் அம்பத்தூரில் வசிக்கும் நண்பர் ஒருவர். தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் பழைய கால மனிதர். ஒரு சனிக்கிழமை அவருடைய வலக் கண்ணில் சீயக்காய் விழுந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, துண்டுக்காகச் சம்சாரத்தைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் துண்டுடன் வந்து எதிரே நின்றபோது, அவளுடைய முகத்தில் பாதியைக் காணோம்! நெற்றியும் கண்களும் இருக்க வேண்டிய இடத்தில் கருநிழல் ஒன்று தொங்கிற்று. வலக் கண்ணைக் கழுவித் திறந்ததும் முகம் முழுவதும் தெரிந்தது. இடக் கண் எத்தனை மாதங்களாக அப்படி இருந்ததோ, அவருக்கே தெரியாது. ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண், குடும்பத்தின் மானத்தைக் காக்கும் மூத்த மகனைப்போல, வெளியே தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்போதாவது அவர் வைத்தியரிடம் போனாரா? இல்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. "வயசாகிறது, புரைதானே! தை பிறக்கட்டும், பெண்ணின் கல்யாணம் முடியட்டும்" என்று ஒத்திப் போட்டார். நான்கு மாதங்கள் சென்றன. கடைசியில் மகளே, "என் கல்யாணத்தை அப்பா பாதிக் கண்ணோடு பார்க்க வேண்டாம்" என்று பிடிவாதம் செய்து அழைத்துப் போனாள். வைத்தியர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து, விளக்கொளியில் உள்ளே நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சற்று அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐயா, இது புரை அல்ல. கண்ணுக்குள் ஒரு கட்டி இருக்கிறது" என்றார்.

அந்தக் கட்டியின் பெயர் மெலனோமா.

* * *

நமது தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் கருமை தருவது மெலனின் என்னும் சாயப் பொருள். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் சில சமயம் கட்டுப்பாடின்றிப் பெருகிப் புற்றாக மாறுவதே மெலனோமா. தோலில் இது வருவதைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். கண்ணுக்குள்ளும் அந்த உயிரணுக்கள் இருக்கின்றன அல்லவா? ஆகவே அங்கேயும் வருகிறது.

கண்ணை ஒரு சிறிய பந்தாக எண்ணிக்கொண்டால், அதன் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே வெள்ளை உறை. உள்ளே ஒளியை வாங்கும் விழித்திரை. இரண்டுக்கும் நடுவில், இரத்தக் குழாய்களும் கருமையும் நிறைந்த ஒரு படலம். தோலுரித்த கறுப்புத் திராட்சையைப்போல் இருப்பதால், இதற்கு மேனாட்டார் திராட்சையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த நடுப் படலத்தின் முன் பகுதிதான் கண்ணாடியில் நாம் காணும் கருவிழி வட்டம். பின்பகுதியோ விழித்திரைக்குப் பின்னால் விரிப்பைப்போல் பரந்து கிடக்கிறது. மெலனோமா பெரும்பாலும் தோன்றுவது அந்தப் பின்பகுதியிலேதான். அதனால்தான் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அது அகப்படுவதில்லை.

அதன் அடையாளங்கள் என்ன? பார்வை மங்குதல், ஒரு பக்கத்திலிருந்து நிழல் இறங்குதல், இருட்டில் மின்னல் வெட்டினாற்போல் தோன்றுதல், கொசு பறப்பது போன்ற புள்ளிகள், நேர்க்கோடு வளைந்து தெரிதல் ஆகியவை. இவை வேறு பல சாதாரணக் காரணங்களாலும் வரலாம்; எனவே இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் யாரும் நடுங்க வேண்டியதில்லை. கண்புரை பார்வை முழுவதையும் புகைபோல் மங்கச் செய்யும். ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது அதன் குணமன்று என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு எந்த அடையாளமுமே இருப்பதில்லை. மூக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பலர். கட்டி மிகவும் பெரிதாகி, கண்ணின் உள் அழுத்தம் ஏறினாலன்றி வலி எடுப்பதில்லை. வலி என்பது நம் வீட்டு வாசலில் நிற்கும் காவற்காரன். இந்தத் திருடன் காவற்காரனை எழுப்பாமல் கொல்லைப்புறமாக வருகிறான்.

இந்த வியாதி நம்மவர்க்கு மிகவும் அபூர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை நிறத்தவர் நிறைந்த நாடுகளில் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு இது வருகிறது. கரிய விழியும் கரிய தோலும் உடைய நமக்கு அதனிலும் மிகக் குறைவு. ஆனால் நம் நாட்டில் வரும்போது, மேனாடுகளைக் காட்டிலும் இளைய வயதில், நாற்பது ஐம்பது வயதுக்குள்ளேயே வருவதை வைத்தியர்கள் கவனித்திருக்கிறார்கள். குடும்பத்தைத் தாங்கும் வயது அது. மேலும் அபூர்வம் என்பதே இங்கே ஒரு ஆபத்து. வராத விருந்தாளிக்கு யார் இலை போட்டு வைப்பார்கள்? நோயாளிக்கும் இது நினைவுக்கு வருவதில்லை. அவசரத்தில் பார்ப்பவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து நேயர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள சிறு கூடங்களிலும் பகலென்றும் இரவென்றும் இல்லாமல் வெல்டிங் பொறி பறப்பதை நாம் காண்கிறோம். பிரான்ஸ் தேசத்தில் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிபுணர் குழு 2017-ம் வருஷத்தில் கூடி, மின் வெல்டிங்கில் எழும் புற ஊதாக் கதிர்கள் மனிதருக்குப் புற்று விளைவிப்பவை என்று தீர்மானித்தது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது கண் மெலனோமாவைத்தான். வெல்டிங் செய்பவர் எல்லோருக்கும் இது வரும் என்பது பொருளன்று. லட்சத்தில் ஒருவருக்கும் வராமல் போகலாம். ஆயினும் முகமூடிக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "ஒரே ஒரு பொட்டுதானே" என்று வெறுங்கண்ணால் பார்த்துப் பற்ற வைக்கும் வழக்கத்தை விட்டுவிட இது போதிய காரணம் அல்லவா? இரவெல்லாம் கண்ணில் மண் கொட்டினாற்போல் உறுத்தித் தூங்காமல் கிடந்த அனுபவம் ஒவ்வொரு வெல்டருக்கும் உண்டு. நம் நண்பருக்கும் உண்டு. அவருடைய கட்டிக்கு அதுதான் காரணமா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் இன்று அவர் பட்டறைப் பையன்களைக் கண்டால் முதலில் கேட்பது, "தம்பி, மூஞ்சி மூடி எங்கே?" என்பதுதான்.

* * *

உடம்பில் வேறு எங்கே கட்டி இருந்தாலும் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே புற்று என்று முடிவு செய்வார்கள். கண்ணில் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. 1851-ம் வருஷத்தில் ஜெர்மானிய விஞ்ஞானியான ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை வெளியிட்டார். அன்று முதல், உயிருள்ள மனிதனின் உடம்புக்குள் கத்தியின்றிப் பார்க்கக்கூடிய ஜன்னலாகக் கண் ஆகிவிட்டது. பயின்ற வைத்தியர் அந்த ஜன்னல் வழியே கட்டியின் நிறத்தைப் பார்க்கிறார். அல்ட்ராசவுண்டு ஒலி அலைகளால் அதன் உயரத்தை அளக்கிறார். குன்றுபோலவோ, காளான்போலவோ எழுந்து நிற்கும் உருவம் அதில் தெரிகிறது. இப்படிச் செய்யும் நிர்ணயம், தேர்ந்த கைகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்குமேல் சரியாக இருந்ததென்று அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியிருக்கிறது.

கண்ணுக்குள் இருக்கும் மறுவெல்லாம் மெலனோமா அல்ல. தட்டையான, சாதுவான மறுக்கள் பல உண்டு. அவற்றில் மிகச் சிலவே புற்றாக மாறுகின்றன. அது 2 மில்லிமீட்டருக்குமேல் தடித்திருக்கிறதா, அடியில் நீர் கோத்திருக்கிறதா, மேலே ஆரஞ்சு நிறப் படிவு உண்டா, பார்வையில் தொந்தரவு உண்டா என்று பார்த்து, படம் எடுத்து வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "மறு இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று வைத்தியர் சொன்னால் அது அலட்சியம் அல்ல, அதுவே வைத்தியம். ஆறு மாதம் கழித்துப் போகாமல் இருப்பதுதான் அலட்சியம்.

கட்டி மெலனோமாதான் என்று தீர்ந்த பிறகு என்ன செய்வது? வெகு காலம் வரை இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: கண்ணை எடுத்துவிடுவது. 1930-ம் வருஷத்தில் லண்டனில் பாஸ்டர் மூர் என்னும் வைத்தியர், கதிர் வீசும் ரேடான் விதையைக் கட்டிக்குள் வைத்துக் கண்ணைக் காப்பாற்ற முயன்றார். அவருடைய வழியில் சென்ற ஸ்டாலர்டு, 1924-ம் வருஷத்துப் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்ற வீரர்; பிற்காலத்தில் கண் வைத்தியத்தில் பேர் பெற்று, கண்ணின் வெளிச்சுவரில் தைத்து வைக்கும் கோபால்ட் வில்லைகளை உருவாக்கினார். இன்றும் முறை அதுவேதான். உலோகமும் கதிரும் மாறியிருக்கின்றன. பொத்தான் அளவுள்ள வில்லையைக் கட்டிக்கு நேர் பின்புறம் வெள்ளை உறைமீது தைத்து, கணக்கிட்டபடி சில நாட்கள் விட்டுவைத்துப் பிறகு எடுத்துவிடுகிறார்கள். கட்டி மறுநாளே மறைந்துவிடாது. பெருகும் சக்தியை இழந்து, மாதக் கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கும்.

கண்ணை வைத்துக்கொண்டு சிகிச்சை செய்தால் உயிருக்கு ஆபத்து அதிகமாகுமோ என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1317 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கண்ணை எடுத்தும், மற்றவர்க்கு அயோடின்-125 வில்லை வைத்தும் பார்த்தார்கள். நடுத்தர அளவுள்ள கட்டிகளுக்கே இந்தச் சோதனை. 2001-ம் வருஷத்தில் முடிவு வெளியாயிற்று. ஐந்து வருஷத்துக்குள் இறந்தவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்கு 19, இரண்டாவதில் 18. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். கண்ணை வைத்துக்கொண்டதால் உயிருக்கு நஷ்டம் இல்லை. கண்ணை எடுத்ததால் உயிருக்கு லாபமும் இல்லை. ஆனால் கண் இருப்பது வேறு, பார்வை இருப்பது வேறு. கதிர் பட்ட விழித்திரை நாளடைவில் பழுதடைகிறது. வில்லை வைத்தவர்களில் பத்துப் பேருக்கு நான்கு பேருக்குமேல், மூன்று வருஷத்துக்குள் அந்தக் கண்ணின் பார்வை மிகவும் குறைந்துபோயிற்று.

இந்த வில்லைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இன்று இல்லை என்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம். பம்பாய்க்கருகே டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் அயோடின்-125 விதைகளை நம் நாட்டிலேயே தயாரித்தார்கள். சென்னைச் சங்கர நேத்ராலயத்தில் கண் கட்டிகளுக்கு அவை பயன்படுத்தப்பட்டன. பின்னர் அணு உலைக் கழிவிலிருந்தே ருதேனியம்-106 என்ற பொருளைப் பிரித்தெடுத்து, வெள்ளி வில்லைகளில் அடைத்துக் கொடுத்தார்கள். 2019-ம் வருஷத்தில் ஹைதராபாத்தில் அது நோயாளிக்கு வைக்கப்பட்டது. வேண்டாமென்று ஒதுக்கிய கழிவிலிருந்து கண்ணுக்கு மருந்து! ருதேனியத்தின் கதிர் சில மில்லிமீட்டர் தூரமே செல்லும். ஆகவே உயரம் குறைந்த கட்டிகளுக்கே அது ஏற்றது. அதனிலும் பெரியதற்கு அயோடின். மிகப் பெரியதற்கு எதுவும் இல்லை. கண்ணை எடுக்கத்தான் வேண்டும்.

* * *

நம் நண்பரின் கட்டி 10 மில்லிமீட்டருக்குமேல் உயர்ந்துவிட்டிருந்தது.

"நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் வில்லை வைத்திருக்கலாமா, டாக்டர்?" என்று கேட்டாராம். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தக் கணக்கு இப்போது வேண்டாம். இனி நாலு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம் என்பதுதான் கணக்கு" என்றார் வைத்தியர்.

வீட்டில் பெரிய சபை கூடிற்று. கல்யாணத்துக்கு முன் தகப்பனாருக்குக் கண்ணை எடுப்பதா என்று ஒருவர். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று மற்றொருவர். நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று இன்னொருவர். நண்பர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு காரியமாகப் பூந்தமல்லிக்குப் போனார். அங்கே பார்வையற்றோருக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். பஸ் நிலையத்தில் இரண்டு மாணவர்கள் வெள்ளைத் தடிகளைத் தட்டிக்கொண்டு, ஏதோ வேடிக்கை பேசிச் சிரித்தபடி, தாங்கள் ஏற வேண்டிய பஸ்ஸை விசாரித்து ஏறிப் போனார்கள். "ஸார், அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணும் இல்லை. எனக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து, 'அடுத்த வாரமே எடுத்துவிடலாம்' என்று சொல்லிவிட்டேன்" என்றார் நம்மிடம்.

எடுத்த இடத்தில் ஒரு சிறு உருண்டையை வைத்து, தசைகளை அதன்மேல் பொருத்தி, சில வாரங்களுக்குப்பின் செயற்கைக் கண் அமைத்திருக்கிறார்கள். அது ஓரளவு அசையவும் செய்கிறது. கல்யாணப் புகைப்படத்தில் எந்தக் கண் எது என்று கண்டுபிடிக்க நாம் முயன்று தோற்றோம். சம்பந்தி வீட்டார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிட்டது என்று நேயர்களை ஏமாற்ற நமக்கு மனமில்லை. இந்தப் புற்று இரத்தத்தின் வழியே பரவக் கூடியது. பரவினால், பெரும்பாலும் கல்லீரலைத்தான் நாடுகிறது. கண்ணில் சிகிச்சை பூரணமாக நடந்தவர்களிலும் சுமார் பாதிப் பேருக்கு, சிலருக்குப் பத்து வருஷம் கழித்தும், அது தலை காட்டுகிறது. மனித மூளையின் விசித்திரங்களைப் பற்றி அருமையான நூல்கள் எழுதிய வைத்தியர் ஆலிவர் ஸாக்ஸுக்கு 2005-ம் வருஷக் கடைசியில் கண் மெலனோமா இருப்பது தெரிந்தது. கதிர்ச் சிகிச்சை செய்துகொண்டார். ஒன்பது வருஷம் எழுதினார், பயணம் செய்தார். 2015-ம் வருஷத் தொடக்கத்தில் கல்லீரலில் பரவியிருப்பது தெரிந்தது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் காலமானார். ஆகவேதான் நம் நண்பரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றை ஸ்கேன் செய்துகொண்டு வருகிறார். பரவிய நோய்க்கு வெகு காலம் சரியான மருந்தே இல்லாதிருந்தது. 2022-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டெபென்டாபஸ்ப் என்ற மருந்து அங்கீகாரம் பெற்றது. குறிப்பிட்ட ஒரு திசு வகை உடையவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். அத்தகையவர்களில் ஒரு வருஷம் உயிர் வாழ்ந்தவர்கள் மற்றச் சிகிச்சைகளில் நூற்றுக்கு 59. இந்த மருந்தில் 73. இது முழு வெற்றியன்று; ஆனால் மூடியிருந்த கதவு ஓர் அங்குலம் திறந்திருக்கிறது.

* * *

கண்ணைக் காட்டிக்கொள்ள இடமில்லை என்று நம் பக்கத்தவர் சொல்ல முடியாது. எழும்பூரில் 1819-ம் வருஷத்தில் தோன்றிய கண் ஆஸ்பத்திரி உலகத்திலேயே மிகப் பழமையானவற்றில் ஒன்று. அது இன்றும் அரசாங்க ஆஸ்பத்திரியாக ஏழை எளியவரைப் பார்த்து வருகிறது. அது நிற்கும் சாலைக்கு ருக்மிணி லக்ஷ்மிபதியின் பெயர் இட்டிருப்பது பொருத்தமே. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற அந்த அம்மையார் பின்னர் மதராஸ் மாகாணத்தின் சுகாதார மந்திரியாக இருந்தவர். எழும்பூரிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே வந்தால், நூம்பலில் 2017-ம் வருஷத்தில் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நிற்கிறது. 1976-ம் வருஷத்தில் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கையுடன் ஆரம்பித்த தர்மத்தின் கிளை அது.

வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியவை மிகச் சில. மாதம் ஒரு முறை ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, மற்றக் கண்ணால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். நிழலோ வளைவோ தெரிந்தால் நல்ல நாள் பார்க்க வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வருஷம் ஒரு தடவை சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துப் பலகையைப் படித்துக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வருவது மட்டும் பரிசோதனை ஆகாது. கருவிழியில் உள்ள புள்ளி பெரிதானாலும், கண்மணி கோணிப்போனாலும் காட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இன்னும் ஒன்று: நம் நாட்டில் கண்ணுக்குள் வரும் புற்றுகளில் மெலனோமாவைவிட அதிகம் காணப்படுவது குழந்தைகளுக்கு வரும் ரெடினோபிளாஸ்டோமா. குழந்தையின் கண்மணி வெளிச்சத்திலோ புகைப்படத்திலோ பூனைக் கண்போல் வெள்ளையாக மின்னினால், அன்றைக்கே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காலத்தில் பார்த்தால் அது பெரும்பாலும் குணமாகக் கூடியது.

சென்ற வாரம் நண்பரைப் பார்க்கப் போயிருந்தோம். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்து நாற்பது நாளான பேரனை மடியில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் காதோரத்தில் ஒரு சிறு மறு. "இதற்கு என்ன பலன், ஸார்?" என்று கேட்டார். "தாத்தா நெடுநாள் இருப்பார் என்று பலன்" என்றோம். பஞ்சாங்கத்தில் அப்படி இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. அவர் சிரித்துவிட்டு, அடுத்த ஸ்கேனுக்கான சீட்டைக் காலண்டரின் ஆணியில் மாட்டினார்.